கட்டிய பல்லும் ஊன்றிய பல்லும்

பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு என்பது நம் மூத்தோர் வாக்கு. பல்லிழந்த முதியோர் சோற்றைக் குழைத்து உண்பதும், வெற்றிலையையும் பாக்கையும் சிற்றுரலில் இடித்து வாயிலிடுவதும் வீடுதோறும் கண்ட காட்சிகளாம். இழந்த கண்ணுக்கும் காலுக்கும் இரங்கும் உலகம், இழந்த பல்லைக் கண்டால் நகைத்துவிடுகின்றது. அந்நகைப்புக்கு அஞ்சியும், உணவின் சுவைக்கு ஏங்கியும், வாயிலுள்ள வெற்றிடத்தை நிரப்ப மனிதன் ஆதிகாலந் தொட்டு முயன்று வந்திருக்கின்றான். அம்முயற்சியின் வரலாற்றை வைத்திய நூல்களில் மாத்திரம் தேடினாற் போதாது. பழைய சட்டமொன்றிலும், அடிமைப் பண்ணையொன்றின் கணக்கேட்டிலும், போர்க்களத்திலும், ஒரு கொலை வழக்கிலும் அது சிதறிக் கிடக்கின்றது.

செயற்கைப் பல் வைத்துக்கொள்வதை நம் நாட்டுத் தமிழர் ‘பல்லுக் கட்டுதல்’ என்பர். இன்றைய முறைகளுக்கு இச்சொல் முற்றும் பொருந்தாதாயினும், இக்கலையின் மிகப் பழைய வடிவத்துக்கு அப்படியே பொருந்துகின்றது. உரோமர் தலையெடுக்குமுன் இத்தாலியில் வாழ்ந்த எத்துருசுக்கர் என்னும் மக்கள், கி.மு. ஏழாம் நூற்றாண்டளவிலேயே மெல்லிய பொற்றகட்டை வளையங்களாக வளைத்து, உறுதியாக நின்ற பற்களைச் சுற்றி அணிவித்து, இடையிலிருந்த வெற்றிடத்தில் வேறொரு பல்லை அப்பொன்னோடு பிணைத்து நிறுத்தினர். அவர்தம் கல்லறைகளிலிருந்து கிடைத்த இத்தகைய கட்டுகள் நூதனசாலைகளிற் காக்கப்பட்டு வருகின்றன. அவற்றை அணிந்தோர் பெரும்பாலும் பெண்களே என்பது ஆய்வாளர் துணிபு. மெல்லுதற்கு அவை அதிகம் உதவியிரா; காதணியும் கழுத்தணியும் போலச் செல்வத்தைப் புலப்படுத்தும் மற்றோர் அணியாகவே அவை விளங்கியிருத்தல் வேண்டும்.

உரோமரும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர். கி.மு. 450 ஆம் ஆண்டளவில் அவர்கள் வகுத்த ‘பன்னிரு பலகைச் சட்டம்’ இறந்தோருடன் பொன்னைப் புதைத்தலும் எரித்தலும் ஆகாது என விதித்தது. ஆயினும் பற்களைப் பொன்னாற் கட்டியிருந்தால், அப்பொன்னோடு பிணத்தை அடக்கஞ் செய்வது குற்றமாகாது என்று அச்சட்டமே விலக்கும் அளித்தது. சட்டம் வகுத்தோர் ஒன்றை விதந்து கூறுகின்றனரெனின், அது நாட்டில் அரிதாக இருந்ததன்று என்றே கொள்ளல் வேண்டும். இறந்தவனின் வாயைத் திறந்து பொன்னைப் பிடுங்கும் இழிவைத் தடுக்க அவர்கள் எண்ணினர் போலும். பிற்காலத்தில் நாகரிகம் முதிர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஐரோப்பா இதனினும் இழிந்ததொன்றைச் செய்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

கட்டுவது ஒரு முறை. தாடையில் நேரே ஊன்றுவது மற்றொரு முறை. இரண்டாவது முறைக்கு மிகப் பழைய சான்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிடைத்தது. 1931 ஆம் ஆண்டில், மத்திய அமெரிக்காவின் ஹொண்டுராஸ் நாட்டில், உலூவா ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, ‘இறந்தோர் கரை’ எனப் பொருள்படும் பெயருடைய இடமொன்றில் அகழ்ந்தபோது கீழ்த்தாடைத் துண்டொன்று அகப்பட்டது. கி.பி. 600 ஆம் ஆண்டளவைச் சேர்ந்த அத்தாடையில், முன்பற்கள் மூன்று இருக்கவேண்டிய குழிகளில், பல்லின் வடிவாகச் செதுக்கிய சிப்பித் துண்டுகள் மூன்று செருகப்பட்டிருந்தன. இறந்தவரை அழகு செய்தற்காகப் பிணத்தின் வாயிற் செருகியவை அவை என்றே நெடுங்காலம் எண்ணினர். 1970 ஆம் ஆண்டளவில் பிரேசில் நாட்டுப் பேராசிரியர் பொபியோ என்பவர் எக்ஸ் கதிர்ப் படம் பிடித்துப் பார்த்தபோது, சிப்பியைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்திருந்தமை புலனாயிற்று. எலும்பு பிணத்தில் வளராது. எனவே, அம்மனிதர் உயிரோடிருந்த காலத்திலேயே அச்சிப்பிப் பற்கள் ஊன்றப்பட்டன என்பது பெறப்பட்டது. சிப்பியைத் தீட்டி, வலி பொறுக்கச் செய்து, குழியில் அறைந்து நிறுத்திய அக்கைவினைஞன் யாவன், அவன் எங்குக் கற்றான் என்பனவற்றைக் காலம் விழுங்கிவிட்டது.

யப்பானியர் மரத்தைப் பயன்படுத்தினர். 1538 இல் இறந்த ஒரு பௌத்த பிக்குணியின் மரப்பற்றொகுதி வக்கயாமா நகரக் கோயிலொன்றில் உள்ளது. புத்தர் சிலை செதுக்குவோரின் கைத்திறன் அதிலே தெரிகின்றது. மேல்வாயின் வளைவுக்கு இயையக் கடையப்பட்டமையால், எச்சிலின் ஈரத்தாலேயே அது வாயிற் பற்றிக்கொண்டு நின்றது. இவ்வுத்தி ஐரோப்பாவுக்குத் தெரியவர நெடுங்காலம் சென்றது.

ஐரோப்பாவில் அந்நாளிற் பல் பிடுங்குவோர் நாவிதரும் சந்தை வித்தைகாரருமே. பல்லைப் புழு தின்கின்றது என்று அவர்கள் நம்பினர். நம்மூர்களிலும் கண்டங்கத்திரி விதையைத் தணலிலிட்டு அப்புகையை வாயிற் பிடித்துப் பற்புழுவை வெளியேற்றும் வழக்கம் இருந்தமை நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். 1728 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் பியர் ஃபோஷார் என்பவர் பல் வைத்தியம் பற்றி இரு பாகங்கொண்ட பெருநூலொன்றை வெளியிட்டு, நுணுக்குக்காட்டியால் எவ்வளவு தேடியும் அப்புழுவைத் தாம் காணவில்லை என்று எழுதினார். பல் வைத்தியம் கைத்தொழில் நிலையிலிருந்து கலையாக உயர்ந்தது அந்நூலோடுதான் என்பர். செயற்கைப் பற்களைப் பற்றியும் அவர் விரிவாக எழுதியுள்ளார். மேற்றொகுதியையும் கீழ்த்தொகுதியையும் எஃகு வில்லால் இணைத்து வாய்க்குள் விரித்து நிறுத்துவது அவர் கண்ட வழி. அப்பற்களை அணிந்தவர் வாயை மூடவேண்டின் முயன்று அழுத்தல் வேண்டும். அயர்ந்தாரெனின் அது தானே திறந்துகொள்ளும்.

பல்லுக்குரிய பொருளே பெருஞ்சிக்கலாயிருந்தது. யானைத் தந்தமும் நீர்யானைத் தந்தமும் செதுக்க எளியவை. ஆனால் அவற்றுக்கு இயற்கைப் பல்லின் பளிங்குப் பூச்சு இல்லை. எச்சில் ஊறி அவை நாளடைவில் மஞ்சளித்து, அழுகி, நாற்றமெடுத்தன. ஆகவே செல்வர்கள் மனிதப் பல்லையே நாடினர். மனிதப் பல்லைப் பெறுவதாயின் அதனைத் தரும் மனிதன் ஒருவன் வேண்டும். இந்த இடத்திலேதான் பல்லின் வரலாறு கறைபடியத் தொடங்குகின்றது.

ஜோன் ஹண்டர் (1728-1793) என்னும் ஸ்கொத்லாந்தியர் சத்திரவைத்தியத்தை விஞ்ஞானமாக்கிய பெருமக்களுள் ஒருவர். மனிதப் பற்களின் இயல்பு பற்றி 1771 இல் அவர் வெளியிட்ட நூல், பற்களின் பிரிவுகளைத் தெளிவாக வகுத்துக் காட்டியது. எதையும் சோதித்தே ஒப்புக்கொள்ளும் இயல்பினரான அவர், மனிதப் பல்லொன்றைப் பிடுங்கிச் சேவலொன்றின் கொண்டையில் நட்டுப் பார்த்தார். சில மாதங்களின் பின் சேவலைக் கொன்று அறுத்தபோது பல் கொண்டையிற் பற்றியிருக்கக் கண்டார். அச்சேவற்றலை இலண்டனிலுள்ள ஹண்டர் நூதனசாலையில் இன்றும் உள்ளது. கொண்டையிற் பிடிக்கும் பல் தாடையில் ஏன் பிடியாது என்பது அவர் வாதம். ஒருவரின் பல்லைப் பிடுங்கிய உடனே, சூடாறுமுன், மற்றொருவரின் தாடைக் குழியிற் பொருத்திக் கட்டிவிடலாம் என அவர் எழுதினார். ஒருவரது பல் அளவிற் பொருந்தாவிடின் அடுத்தவரதைப் பிடுங்கிப் பார்ப்பதற்காகப் பலரை ஆயத்தமாக நிறுத்திவைத்தல் நன்று என்றும் அவர் அறிவுரை கூறினார். நிறுத்திவைக்கப்பட்டோர் யார் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. புகைபோக்கி துடைக்கும் சிறுவரும், வேலையற்ற ஏழைப் பெண்களுமே அவர்.

1787 இல் தோமஸ் ரோலண்ட்சன் என்னும் ஓவியர் இக்காட்சியை வரைந்தார். நடுவில் ஒரு சீமாட்டி வாசனைச் சிமிழை மூக்கில் வைத்தபடி அமர்ந்திருக்கின்றாள். அருகே, புகைக்கரி படிந்த சிறுவன் ஒருவனின் வாயிலிருந்து அவளுக்குரிய பல் பிடுங்கப்படுகின்றது. வாயிற்புறத்தே, பல்லைக் கொடுத்துவிட்ட ஏழைப் பிள்ளைகள் தாடையைப் பிடித்துக்கொண்டு, கையிலுள்ள காசைப் பார்த்தவாறு வெளியேறுகின்றனர். உயிர்ப்பற்களுக்கு மிகக் கூடிய விலை தரப்படும் என்ற அறிவித்தலொன்று கதவில் தொங்குகின்றது. நகைச்சுவைச் சித்திரம் என்ற பெயரில் அது விற்பனையாயிற்று. அதைக் கண்டு நகைத்தோர் எத்தனை பேர், நாணியோர் எத்தனை பேர் என்பது வேறு வினா.

அவ்வாறு நட்ட பற்கள் சில ஆண்டுகளுக்குமேல் நிலைக்கவில்லை. அயலானின் இழையத்தை உடல் ஏற்காது என்னும் உண்மையை ஹண்டரின் காலம் அறிந்திருக்கவில்லை. பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்து, ஒருநாள் அது தானே கழன்று விழுந்தது. அஃது ஏமாற்றம் மாத்திரமே. பல்லோடு நோயும் வந்ததுதான் பெருங்கேடு. மாற்றுப் பல் வைத்துக்கொண்ட இளம்பெண் ஒருத்தி வாய் அழுகி இறந்த வரலாற்றை 1785 இல் வில்லியம் வாட்சன் என்ற வைத்தியர் வெளியிட்டார். மேகநோய் இவ்வழியாற் பரவுகின்றது எனப் பலரும் அஞ்சினர். ஹண்டரோ, அவ்வாறு தோன்றியது மேகநோயன்று என்று மறுத்து நின்றார். மேதையே ஆயினும், தாம் வளர்த்த கொள்கையைத் தாமே ஐயுறுவது எளிதன்று. வாதம் முடியுமுன்னே வாடிக்கையாளர் பயந்து விலகினர். பல் நடும் தொழில் மெல்லத் தேய்ந்தது. பொய்ப்பற்றொகுதியிற் பதிப்பதற்கு மனிதப் பல் வாங்குவது மட்டும் நிற்கவில்லை. சுத்தானந்த பாரதியார் ‘ஏழைபடும் பாடு’ என்று தமிழாக்கிய விக்ரர் ஹியூகோவின் நவீனத்தில், பந்தீன் என்னும் ஏழைத்தாய் தன் குழந்தைக்காக முன்பற்கள் இரண்டையும் நாற்பது பிராங்குக்கு விற்கும் இடத்தைப் படித்தோர், ஆசிரியரின் மிகைக் கற்பனை அது என்று எண்ணியிருப்பர். அஃது அந்நாளின் நடைமுறையே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதலாம் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் மரப்பல் வைத்திருந்தார் என்பது உலகெங்கும் வழங்கும் கதை. அது மெய்யன்று. இளவயது முதலே பல்நோயால் வருந்திய அவர், 1789 ஏப்பிரல் 30 ஆம் நாள் பதவிப் பிரமாணஞ் செய்தபோது அவர் வாயில் எஞ்சியிருந்தது ஒரேயொரு சொந்தப் பல்தான். ஜோன் கிறீன்வூட் என்னும் பல் வைத்தியர் நீர்யானைத் தந்தத்திற் செதுக்கிய தொகுதியொன்றை அவருக்குச் செய்து கொடுத்து, அவ்வொற்றைப் பல் நுழைவதற்கென ஒரு துளையும் விட்டிருந்தார். பின்னர் அப்பல்லும் கழன்றபோது வாஷிங்டன் அதைக் கிறீன்வூட்டுக்கே அன்பளிப்பாகக் கொடுக்க, அவர் அதனைச் சிறு பேழையில் அடைத்துக் காத்துவந்தார். வாஷிங்டன் அணிந்த தொகுதிகளில் ஈயமும் பித்தளையும் எஃகு வில்லும் உண்டு. பசுவின் பல்லும் மனிதப் பல்லும் உண்டு. அவர்தம் உருவப் படங்களில் உதடுகள் இறுகி, வாய்ப்புறம் வீங்கித் தோன்றுவது இதனாலேதான்.

அம்மனிதப் பற்கள் எங்கிருந்து வந்தன? 1784 மே மாதத்தில் வாஷிங்டனின் மவுண்ட் வேர்ணன் பண்ணைக் கணக்கேட்டில் ஒரு பதிவு காணப்படுகின்றது. பிரெஞ்சுப் பல் வைத்தியர் ஒருவரின் பொருட்டு, நீக்கிரோவர்க்கு ஒன்பது பல்லுக்காக 6 பவுண் 2 சிலிங் கொடுக்கப்பட்டதென்று அது கூறுகின்றது. பல்லொன்றுக்கு ஏறத்தாழப் பதின்மூன்றரைச் சிலிங் ஆகின்றது. அந்நாளிற் பத்திரிகைகளில் விளம்பரஞ் செய்யப்பட்ட விலையினும் இது மிகக் குறைவு. அவ்வொன்பது பற்களும் வாஷிங்டனின் வாயிலேயே ஏறின என்று அறுதியிட்டுக் கூற முடியாது. அவற்றைக் கொடுத்த அடிமைகளின் பெயரையும் ஏடு குறிக்கவில்லை. விலை கொடுத்துத்தானே வாங்கினார்கள் என்று சிலர் அமைதி கூறுவதுண்டு. உடல் முழுவதுமே பிறனொருவனின் உடைமை என்று சட்டம் சொல்லும்போது, அவ்வுடலின் பல்லை விற்க மறுக்கும் உரிமை எவ்வளவினது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

உயிரோடிருப்போரிடம் வாங்குவதினும் இறந்தோரிடம் எடுப்பது மலிவு. 1815 யூன் 18 ஆம் நாள் வாட்டர்லூப் போர்க்களத்தில் ஒருபகலில் ஆயிரக்கணக்கான இளைஞர் மாண்டனர். நெப்போலியன் வீழ்ந்தான், ஐரோப்பாவின் வரைபடம் மாறிற்று. அவ்விரவே குறடும் பையுமாகச் சிலர் களத்தில் இறங்கினர். இளம் போர்வீரரின் பற்கள் உறுதியானவை, சூத்தை விழாதவை. அவை இலண்டன் பல் வைத்தியரின் பட்டறைகளை அடைந்து, வேர் நறுக்கி, தந்தத் தகட்டிற் பதிக்கப்பட்டு, ‘வாட்டர்லூப் பற்கள்’ என்னும் பெயரால் விலைபோயின. பின்னர் எந்தப் போர்க்களத்துப் பல்லுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. கல்லறையிலிருந்து திருடிய பல்லைக் காட்டிலும் களத்திற் பட்ட வீரனின் பல் மதிப்புக்குரியதென வாங்குவோர் எண்ணினர் போலும். இறந்தோன் வாயிலிருந்து பொன்னையும் எடாமல் அடக்கஞ் செய்ய இடமளித்த பழைய உரோமச் சட்டம் ஈண்டு நினைவுக்கு வருகின்றது.

இவ்வியாபாரத்தை ஒழித்தது அறவுணர்ச்சி என்று சொல்வதற்கில்லை, பீங்கான் ஒழித்தது. பாரிசுக்கு அணித்தாக வாழ்ந்த துஷாத்தோ என்னும் மருந்து வணிகர், தம் தந்தப் பற்கள் மருந்து வாடையை உறிஞ்சி நாறுவதைப் பொறாமல், 1774 ஆம் ஆண்டளவிற் பீங்கானாற் பற்றொகுதி செய்வித்தார். சூளையிற் பீங்கான் சுருங்குவதால் அளவு தவறிக்கொண்டே இருந்தது. 1808 இல் இத்தாலியரான ஃபொன்சி, பற்களைத் தனித்தனியே பீங்கானில் வார்த்துப் பிளாற்றின ஆணியாற் பொருத்தும் முறையைக் காட்டினார். அடுத்த அரை நூற்றாண்டிற்குள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பீங்கான் பற்கள் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டன.

பல் கிடைத்தது, அது பதிந்திருக்கும் தளமும் மலிவாகக் கிடைத்தல் வேண்டும். அதனைத் தந்தது றப்பர். சாள்ஸ் குட்இயர் 1839 இல் றப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வழியைக் கண்டார். அவர் சகோதரர் நெல்சன் 1851 இற் கடின றப்பருக்குக் காப்புரிமை பெற்றார். வல்கனைற்று எனப்பட்ட அப்பொருளை மென்மையான நிலையில் வாயின் அச்சுக்கு இயைய அழுத்தி, வேகவைத்து இறுக்கிவிடலாம். 1846 இல் ஈதர் மயக்கமருந்து அறிமுகமானதன் பின் வலியின்றிப் பல் பிடுங்கும் வசதியும் வந்துவிட்டது. பொன் தகட்டுக்கு வழியற்ற பொதுமக்களும் பல்லுக் கட்டத் தொடங்கினர்.

ஆனால் அதற்கும் ஒரு வேலி போடப்பட்டது. காப்புரிமையைக் கைப்பற்றிய கம்பெனியொன்று, வல்கனைற்றுப் பயன்படுத்தும் ஒவ்வொரு பல் வைத்தியரும் தனக்கு ஆண்டுக் கட்டணமும் உரிமைப் பணமும் செலுத்தவேண்டும் என்றது. அக்கம்பெனியின் பொருளாளரான யோசையா பேக்கன் நகர் நகராகச் சென்று, செலுத்தாதவர்மேல் வழக்குத் தொடுத்தார். சாமுவேல் சல்ஃபன்ற் என்னும் பல் வைத்தியர் அவருக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் பெயர்ந்தும் தப்ப முடியவில்லை. 1879 ஏப்பிரல் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகர விடுதியொன்றில் பேக்கனைச் சந்திக்கச் சென்ற அவர் துப்பாக்கியால் அவரைச் சுட்டுவிட்டார். பேக்கன் இறந்தார், சல்ஃபன்ற் சிறை சென்றார். காப்புரிமை 1881 இற் காலாவதியானதும் கம்பெனியின் பிடியும் நெகிழ்ந்தது. இரண்டாண்டு பொறுத்திருப்பின் ஓர் உயிரும் ஒரு வாழ்வும் தப்பியிருக்கும்.

அந்நாளின் றப்பர் பிரேசிற் காட்டு மரங்களின் பால். அம்மரத்தின் கன்றுகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைவிக்கப்பட்டு, 1876 இல் இலங்கையின் ஹெனறத்கொடைப் பூந்தோட்டத்தை வந்தடைந்தமையும், அவற்றின் வழித்தோன்றல்கள் களுத்துறை, கேகாலைப் பகுதிகளை மூடியமையும் நேயர்கள் அறிந்ததே. வல்கனைற்று 1930 ஆம் ஆண்டுகளின் இறுதிவரை ஆட்சி செலுத்திற்று. அதன் பின் அக்கிரிலிக்குப் பிளாத்திக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இன்றும் உலகில் மிகப் பலர் அணிவது அதுவே.

எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் கட்டுப்பல் ஒரு விருந்தாளிதான், வீட்டுக்காரன் ஆகாது. பல்லின் வேர் இருக்கும்வரை ஒவ்வொரு கடியின் விசையும் தாடை எலும்பைச் சென்றடைந்து அதனை உயிர்ப்போடு வைத்திருக்கின்றது. வேர் போனதும் வேலையற்ற எலும்பு தேய்கின்றது. இன்று இறுக்கமாகப் பொருந்திய தொகுதி சில ஆண்டுகளில் ஆடத் தொடங்குவதும், கன்னம் ஒட்டி முகம் சுருங்குவதும் இதன் விளைவு. எனவே, வேரையே செய்து நட்டால் என்ன என்ற எண்ணம் வைத்தியரை விடவில்லை. 1809 இல் மஜியோலோ என்பவர் பல் பிடுங்கிய குழியிற் பொன்வேர் ஊன்றிப் பார்த்தார். 1913 இல் அமெரிக்கக் கன்சாஸ் மாநிலத்துக் கிறீன்ஃபீல்ட், இரிடியமும் பிளாற்றினமும் கலந்த கம்பியாற் சிறு கூடை பின்னித் தாடையிற் புதைத்தார். 1930 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பொஸ்ரன் நகரத்து ஸ்ரொக் சகோதரர் கோபாற்றுக் கலப்புலோகத் திருகாணிகளை நட்டு ஓரளவு வெற்றி கண்டனர். பொதுவாக நிகழ்ந்தது ஒன்றே. முள் தைத்த இடத்தில் உடல் தோற்சுவர் எழுப்புவது போல, உலோகத்தைச் சுற்றி நாரிழையம் வளர்ந்து, எலும்புக்கும் அதற்கும் இடையே இடைவெளி உண்டாக்கிற்று. ஆணி ஆடிற்று; கிருமி புகுந்தது; முரசு சீழ்ப்பிடித்தது.

விடை தேடாதவர் கையில் விடை அகப்பட்டது. 1929 இல் சுவீடனிற் பிறந்த பேர்-இங்வார் பிறோனமார்க் பல் வைத்தியரல்லர். எலும்பு மச்சையினுள் குருதி எவ்வாறு ஓடுகின்றது என்பதே அவருடைய ஆராய்ச்சி. 1952 இல் லுண்ட் நகரத்து ஆய்வுகூடத்தில், முயலின் கால் எலும்பிற் சிறு டைட்டேனியக் குழாயொன்றைப் பதித்து, அதன் வழியே நுணுக்குக்காட்டியால் உயிருள்ள எலும்பை நோக்கினார். ஆய்வு முடிந்தபின், விலையுயர்ந்த அக்குழாயை மீண்டும் பயன்படுத்தும் எண்ணத்தோடு கழற்ற முயன்றார். அது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. டைட்டேனியத்தின் இவ்வியல்பைப் பூனைகளில் நடத்திய ஆய்வொன்றில் அமெரிக்கர் சிலர் 1940 இலேயே குறித்திருந்தனர். ஆயினும் அக்குறிப்பு நூலகத்தில் உறங்கிற்று. கழற்ற முடியாத குழாயைக் கண்டு எரிச்சலுறாமல், ஏன் கழற்ற முடியவில்லை என்று கேட்டதே பிறோனமார்க்கின் பெருமை. அவ்விணைப்புக்கு அவர் பின்னாள் இட்ட பெயரைத் தமிழில் ‘என்பொன்றிப்பு’ எனலாம்.

டைட்டேனியம் காற்றுப் பட்ட கணமே தன்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் போர்வையொன்றைப் போர்த்துக்கொள்கின்றது. அப்போர்வை உடலின் உப்புநீரிற் கரைவதில்லை. உடலும் அதனைப் பகையாகக் கொள்வதில்லை. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிற் கறுத்து மின்னும் இல்மனைற்று மணல் இவ்வுலோகத்தின் தாதுவே. உலகில் அகழப்படும் அத்தாதுவிற் பெரும்பகுதி வெள்ளை வர்ணப்பூச்சுக்கே போகின்றது. ஆகாய விமானத்துக்கும் மனிதத் தாடைக்கும் போவது சிறு பகுதி.

பிறோனமார்க் அவசரப்படவில்லை. நாய்களின் தாடையிற் சோதித்தார். மனிதரின் கையிற் சிறு குழாய்களைப் பதித்து உடல் ஏற்பதை நெடுநாள் அவதானித்தார். கோதன்பேர்க் நகரில் 1965 ஆம் ஆண்டு முதல் நோயாளிக்கு அவர் பல் ஊன்றினார். கொஸ்தா லார்சன் என்னும் அவர், பிறப்பிலேயே அண்ணம் பிளந்து, தாடை கோணி, கீழ்த்தாடையிற் பல்லின்றி வருந்தியவர். கட்டுப்பல் தங்குதற்கும் அவர் தாடையில் இடமில்லை. மெல்லுதலும் பேசுதலும் துன்பமாயின. கீழ்த்தாடையில் நான்கு டைட்டேனியத் திருகுகள் பதிக்கப்பட்டு, எலும்பு பற்றும்வரை பல மாதங்கள் பாரம் ஏற்றாது விடப்பட்டு, அதன் பின்னரே பற்கள் ஏற்றப்பட்டன.

நோயாளி உண்டார், பல் வைத்தியப் பேராசிரியர்கள் ஒப்பவில்லை. எலும்பு மருத்துவரொருவர் தம் துறைக்குள் நுழைந்தது அவர்களுக்குச் சகிக்கவில்லை. 1969 இல் லாண்ட்ஸ்குறூனா நகரில் பிறோனமார்க் உரையாற்றியபோது, மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, ‘றீடேர்ஸ் டைஜஸ்ற்’ சஞ்சிகையிற் பேர் வருமாறு செய்துகொள்பவரைத் தாம் நம்புவதற்கில்லை என்று இகழ்ந்தார். அப்பேராசிரியரோ பற்குச்சி விளம்பரமொன்றால் நாடறிந்தவர். பற்குச்சிப் பெட்டியின் பின்புறத்தில் விளம்பரமாகுபவரைத் தாமும் நம்புவதற்கில்லை என்று பிறோனமார்க் விடையிறுத்தார். சபை நகைத்திருக்கலாம், ஆனால் பகை தணியவில்லை. பத்தாண்டுக் கணக்கை அவர் 1977 இல் நூலாக வெளியிட்டார். 1982 இல் பேராசிரியர் ஜோர்ஜ் சார்ப் கனடாவின் தொறொன்ரோ நகரிற் கூட்டிய மகாநாட்டிலேயே வட அமெரிக்க அறிஞர் சான்றுகளைப் பார்த்துத் தெளிந்தனர். முயலின் காலுக்கும் அம்மகாநாட்டுக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. சுவிற்சர்லாந்தில் அந்திரே ஷ்ரோடர் என்பவரும் இதே உண்மையைத் தனித்து நிறுவியிருந்தமை இங்குக் குறிப்பிடத்தக்கது.

இம்முறையின் வெற்றி உலோகத்தில் மாத்திரமன்று, கைப்பொறுமையிலும் தங்கியுள்ளது. துளைக்கருவியின் உராய்வால் எலும்பு 47 பாகை சதமளவுக்குமேல் ஒரு நிமிடம் சூடேறினாலே அவ்வெலும்பு கெட்டுவிடும். ஆதலால் குளிர்ந்த உப்புநீரை வார்த்தபடி மெல்லத் துளைக்கின்றனர். திருகு பதிந்தபின் மூன்று முதல் ஆறு மாதம் வரை காத்திருத்தல் மரபு. புகைபிடிப்போருக்கும், கட்டுப்படாத நீரிழிவு உடையோருக்கும், முரசு நோய் முற்றியோருக்கும் எலும்பு பற்றுவது ஐயத்துக்குரியது. ஊன்றிய பல் சூத்தை விழாது என்பது மெய். ஆயின் துலக்காது விட்டால் அதைச் சுற்றியுள்ள முரசும் எலும்பும் அழியும். இயற்கைப் பல்லின் வேரைச் சூழ்ந்த மெல்லிய நார்ப்பஞ்சணை இதற்கில்லை. சோற்றிற் கல் கடிபட்டால் இயற்கைப் பல் உணருமளவுக்கு இது உணராது.

விலையும் ஒரு தடைதான். ஹண்டர் காலத்து ஏழை பல்லைக் கொடுத்தான். இக்காலத்து ஏழையிடம் ஒருவரும் பல் கேட்பதில்லை, ஆனால் ஊன்றிய பல் அவன் கைக்கு எட்டுவதுமில்லை. அவன் வாயில் இருப்பது, இருந்தால், பிளாத்திக்குக் கட்டுப்பல்லே. இரவில் கழற்றித் தண்ணீர்க் கோப்பையிற் போட்டு, காலையில் மறவாமல் எடுத்து மாட்டிக்கொள்வது.

பிறோனமார்க் 2014 டிசெம்பரிற் கோதன்பேர்க் நகரிற் காலமானார். அவருடைய முதல் நோயாளி கொஸ்தா லார்சன் அதற்கு எட்டாண்டு முன்னரே, 2006 இல் இறந்தார். நாற்பதாண்டுக்கு மேலாக அவர் உணவுண்ட அந்நான்கு திருகுகளும் அன்றும் அவர் தாடையில் அசையாதிருந்தன.